பாதி இயற்கை என்றால் மீதிப் பாதி?

வணக்கம். புரதத்தையும் செயற்கைப் பாலிமரையும் சேர்த்துச் செய்யும் பொருட்களைப் பற்றி நீங்கள் உற்சாகமாக எழுதியிருந்தீர்கள். பாதி பிளாஸ்டிக் என்றால் கடைசியில் அதுவும் பிளாஸ்டிக்தானே? புரதத்தை மட்டும் வைத்தே செய்ய முடியாதா, எதற்கு இந்தக் கலப்படம்? என் கையில் உள்ள ஒரு பையில் ‘தாவரப் புரதம் சேர்ந்தது, மட்கும்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். இதை நம்பலாமா?
செல்வி

அன்புள்ள செல்வி,

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் புரதம் தனியாக நின்றால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டால் மற்றது எளிது.

பாலைச் சூடாக்கி வினிகர் விட்டால் திரியும். திரிந்ததைத் துணியில் வடிகட்டிப் பிழிந்து, அச்சில் அழுத்திச் சில நாள் உலரவிட்டால் கேசீன் என்ற புரதம் கல் மாதிரி இறுகிவிடும். நான் செய்த துண்டு ஒரு பெரிய பொத்தான் அளவு இருந்தது, மஞ்சள் பாரித்து, ஓரம் சுருங்கி, நடுவில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். ஓர் இரவு தண்ணீரில் போட்டு வைத்தேன், காலையில் நகம் உள்ளே இறங்கியது. புரதத்தின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்புகள் என்ற மெல்லிய பிடிகளால் பிடித்துக்கொண்டிருக்கின்றன, தண்ணீர் நடுவில் புகுந்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடும், தண்ணீரே இல்லாவிட்டால் நொறுங்கும். நொறுங்காமல் இருக்கக் கிளிசரின் சேர்க்கலாம்தான், ஆனால் அது இன்னும் ஈரத்தை இழுக்கும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் கேசீனை ஃபார்மலினில், அதாவது ஃபார்மால்டிஹைட் என்ற வாயு கரைந்த நீரில், ஊறவைத்துக் கெட்டியாக்கி ‘காலலித்’ என்று விற்றார்கள், பொத்தானும் சீப்பும் செய்தார்கள். தடித்த பலகை என்றால் மாதக்கணக்கில் ஊற வேண்டும், அப்போதும் ஈரத்தைக் குடிப்பது முழுசாக நிற்கவில்லை. பெட்ரோலியப் பிளாஸ்டிக் வந்ததும் அது ஓரமாகப் போனது.

செயற்கைப் பாலிமர்களில், அதாவது பிளாஸ்டிக்குகளைப் போல மனிதர் செய்யும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளில், பலவும் இதற்கு நேர்மாறு: தண்ணீர் உள்ளே போகாது, நுண்ணுயிரும் கடிக்காது. சரி, இரண்டையும் கலந்துவிடலாம் என்றால் அவை எண்ணெயும் தண்ணீரும் போல விலகித் தனித்தனித் திட்டுகளாக நிற்கும், இழுத்தால் அந்தத் திட்டின் ஓரத்தில்தான் கிழியும். ஆகவே கலப்பதைவிடப் பிணைப்பதுதான் இதில் உண்மையான வேலை.

பிளைவுட் பசையைப் பாருங்கள். ஒரு காலத்தில் சோயா மாவும் கேசீனும்தான் பலகைகளை ஒட்டின, பிறகு மலிவும் ஈரம் தாங்கும் தன்மையும் கொண்ட ஃபார்மால்டிஹைட் பிசின்கள் வந்து அவற்றைத் தள்ளிவிட்டன. அமெரிக்காவின் ஆரெகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கைச்சாங் லீ என்ற ஆய்வாளர், அலையடிக்கும் பாறையில் சிப்பி எப்படி ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று யோசித்தார், அதன் பசையும் புரதம்தானே. அப்புறம் அவர் சோயா மாவோடு சேர்த்தது, காகிதத் துண்டு நனைந்தாலும் கிழியாமல் இருக்கக் காகித ஆலைகளில் போடும் ஒரு செயற்கைப் பாலிமரை. சூட்டில் அழுத்தும்போது அது புரதச் சங்கிலியில் நீட்டிக்கொண்டிருக்கும் அமீன் என்ற நைட்ரஜன் கைகளைப் பிடித்து வலை பின்னுகிறது. 2007-இல் இதற்கு அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது. இதைக் கலப்படம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்தப் பசை மட்கும் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். அதன் நன்மை வேறு இடத்தில்: அந்தப் பசையில் நச்சு வாயுவான ஃபார்மால்டிஹைட் சேர்ப்பதில்லை, அந்தப் பலகையில் செய்த அலமாரி உள்ள அறையில் மூச்சு விடுகிறவருக்கு அது பெரிய விஷயம்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. ஆம், சில சமயம் அது பிளாஸ்டிக்தான். 1980-களில் சாதாரணப் பைகளின் பிளாஸ்டிக்கான பாலிஎத்திலீனில் மாவுச்சத்தைக் கலந்து மட்கும் பை என்று விற்றார்கள். மாவைக் கிருமிகள் தின்றுவிட்டன, பை உதிர்ந்தது, பாலிஎத்திலீன் துணுக்குகளாக மண்ணில் கிடந்தது. முழுப் பையாக இருந்தால் பொறுக்கியாவது எடுக்கலாம்! மாவுக்குப் பதில் புரதம் போட்டாலும் கதை இதுதான், கூட இருக்கும் பாலிமர் பிடிவாதக்காரனாக இருக்கும்வரை.

என்னை உற்சாகப்படுத்தியது வேறு வகை. 2021-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டிங் ஷூ என்ற ஆய்வாளரின் குழு, மட்கக்கூடிய பிளாஸ்டிக்குக்குள்ளேயே அதை உடைக்கும் நொதியைப் புதைத்து வைத்தது. நொதியும் புரதம், உருகும் பிளாஸ்டிக்கின் சூட்டில் சும்மா விட்டால் கெட்டுப்போகும், அதனால் அதைச் சுற்றி இன்னொரு செயற்கைப் பாலிமரைப் போர்த்தினார்கள். எடையில் சிறு பங்குதான் புரதம். ஆனால் 40 டிகிரி வெந்நீரில் பாலிகேப்ரோலாக்டோன் என்ற அப்படிப்பட்ட பிளாஸ்டிக்கின் படலம் இரண்டு நாளில் சிறு மூலக்கூறுகளாகப் பிரிந்தது. பையில் எத்தனை சதவீதம் இயற்கை என்பதைவிட அந்தப் புரதம் அங்கே என்ன செய்கிறது என்று கேட்பதே மேல் என்று நான் நினைப்பது இதனால்தான்.

உங்கள் பைக்கு வருகிறேன். ‘தாவரப் புரதம் சேர்ந்தது’ என்பதை நம்புங்கள், அதில் பொய் இருக்க வேண்டிய அவசியமில்லை. ‘மட்கும்’ என்பதை இப்போதைக்கு நம்ப வேண்டாம். கூட இருக்கும் பாலிமரின் பெயர் என்ன, எந்த வெப்பத்தில், எத்தனை நாளில் மட்கும் என்று தயாரித்தவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். மட்கும் பிளாஸ்டிக் என்று விற்கப்படும் பாலிலாக்டிக் அமிலம் என்றால் ஏறக்குறைய 60 டிகிரி சூடுள்ள உரக்கூடம் வேண்டும், வீட்டுக் குப்பைக்குழியில் அது வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். பாலிஎத்திலீன் என்று பதில் வந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

அன்புடன்.