லண்டனில் முதலிடம், நியூயார்க்கில் ஐம்பத்தேழு

போன இதழில் எண்பதுகளின் இங்கிலீஷ் பாட்டுகளைப் பற்றி ஒரு பத்தி எழுதினாலும் எழுதினேன், ஆசிரியர் குழுவுக்கு மெயில் வந்து குவிந்துவிட்டது. பாதிக்கு மேல் ஒரே புகார்: "நீங்கள் நம்பர் ஒன் என்கிறீர்கள், நெட்டில் பார்த்தால் இரண்டாம் இடம் என்று போட்டிருக்கிறதே?" இரண்டும் சரியாக இருக்கும். எந்த நாட்டுப் பட்டியல், யார் எண்ணிய பட்டியல் என்று பார்க்க வேண்டும். அதனால் சினிமா கேள்விகளுக்கு இந்த முறை விடுமுறை.

நேனாவின் '99 லுஃப்ட்பலோன்ஸ்' அமெரிக்காவில் முதலிடமா, இரண்டாம் இடமா? என் மகன் ஒன்று சொல்கிறான், கூகுள் ஒன்று சொல்கிறது.
- கரூர் வாசகர்

1984 மார்ச் தொடக்கத்தில், பில்போர்டு என்ற அமெரிக்க வாரப் பத்திரிகையின் ஹாட் 100 பட்டியலில் அது இரண்டாம் இடம். மேலே வான் ஹேலனின் 'ஜம்ப்' ஐந்து வாரம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஆனால் அதே அமெரிக்காவில் கேஷ் பாக்ஸ் என்ற இன்னொரு வாரப் பத்திரிகையும் தனியாகப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தது. அதில் நேனாதான் முதலிடம். மகனுக்கும் கூகுளுக்கும் சமாதானம் செய்து வையுங்கள்.

இதைவிட சுவாரசியம், அமெரிக்கர்கள் வாங்கியது ஜெர்மன் மொழிப் பாட்டை! கெவின் மெக்அலி என்பவர் எழுதிய ஆங்கில வடிவம் கையில் தயாராக இருந்தது. ஆனால் லாஸ் ஏஞ்சலிஸின் கே.ஆர்.ஓ.க்யூ. வானொலி ஜெர்மன் ரெக்கார்டையே ஓட்டியது, ஜனங்களும் அதையே கேட்டு வாங்கினார்கள். ஆஸ்திரேலியாவிலும் ஜெர்மன்தான் முதலிடத்துக்குப் போனது. பிரிட்டனில் மட்டும் ஆங்கில வடிவம் அதே மார்ச்சில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. இத்தனைக்கும் மேற்கு ஜெர்மனியில் இந்தப் பாட்டு 1983-லேயே உச்சிக்குப் போய் இறங்கியாகிவிட்டது.

பாட்டு பிறந்த கதையும் இருக்கிறது. 1982-ல் மேற்கு பெர்லினில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரி. அங்கே பறக்கவிட்ட பலூன்கள் கூட்டமாக நகர்வதைப் பார்த்த நேனா குழுவின் கிட்டார்காரர் கார்லோ கார்கெஸுக்கு ஒரு யோசனை: இவை பெர்லின் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போனால், ராடாரில் பார்ப்பவன் என்னவென்று நினைப்பான்? அந்த பயத்தின் மேல் கட்டிய பாட்டு. ஆங்கில வடிவம் குழுவுக்கே அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

'தி பவர் ஆஃப் லவ்' செலின் டியான் பாட்டுத்தானே? பழைய பாட்டு என்று எழுதியிருக்கிறீர்களே!
- திருநெல்வேலி வாசகி

அம்மா, செலின் டியான் பாடியது 1993-ன் கடைசியில். அசல் 1984-ல் வந்தது. பாடியவர் ஜெனிஃபர் ரஷ். இந்தப் பட்டியல் விளையாட்டு முழுவதையும் ஒரே பாட்டில் காட்ட வேண்டுமென்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

ரஷ் நியூயார்க்கில் பிறந்த அமெரிக்கர். பாட்டை உருவாக்கியது மேற்கு ஜெர்மனியில், ஜெர்மன் தயாரிப்பாளர்களோடு. அங்கேயே அது 16-ஆவது இடத்தோடு நின்றுவிட்டது. பிரிட்டனில் 1985 ஜூனில் பட்டியலின் அடிவாரத்தில் நுழைந்தது. பெரிய விளம்பரம் இல்லை. வாரத்துக்கு ஓரிரு படி ஏறும், சில வாரம் அங்கேயே நிற்கும். கோடைகாலம் முழுக்க இப்படித் தவழ்ந்து அக்டோபரில் முதலிடத்தைப் பிடித்தது. ஐந்து வாரம் விடவில்லை. அந்த வருஷம் பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற சிங்கிள், அதாவது தனிப் பாட்டு ரெக்கார்டு, அதுதான். அந்த நாட்டில் ஒரு சிங்கிள் பத்து லட்சம் பிரதியைத் தாண்டி விற்ற முதல் தனிப் பாடகியும் அவர்தான்.

சரி, சொந்த ஊரில்? 1986-ல் அமெரிக்காவில் வந்தது. 57-ஆவது இடம். அவ்வளவுதான்! அவருக்கு முன்னாலும் பின்னாலும் மற்றவர்கள் முயன்றார்கள். ஏர் சப்ளை குழு பாடி 68, லாரா பிரானிகன் 1987-ல் பாடி 26. ஆக, அமெரிக்காவுக்கு இந்த மெட்டே ஆகாது என்று முடிவு கட்டியிருக்கலாம். பிறகுதான் செலின் டியான் வந்தார், 1994-ல் நான்கு வாரம் முதலிடம். அதே டியான் பாட்டு பிரிட்டனில் நான்காம் இடத்தோடு சரி. அவர்கள் வீட்டில் ஏற்கெனவே ரஷ்ஷின் ரெக்கார்டு இருந்ததே!

அமெரிக்காவில் ரஷ்ஷுக்கு இன்னொரு இடைஞ்சலும் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். 1985 ஆகஸ்டில் ஹியூயி லூயிஸ் குழு இதே தலைப்பில் முற்றிலும் வேறொரு பாட்டோடு அங்கே முதலிடத்தில் இருந்தது. 'பேக் டு தி ஃபியூச்சர்' படப் பாட்டு அது. பிரிட்டனிலோ 1984 டிசம்பரிலேயே ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவின் மூன்றாவது 'தி பவர் ஆஃப் லவ்' முதலிடம் பார்த்துவிட்டது. ஒரு வருஷத்துக்குள் ஒரே தலைப்பில் மூன்று பாட்டு, மூன்றுமே ஏதோ ஒரு நாட்டில் நம்பர் ஒன். நான் அப்போது வேலை பார்த்த, கேசட்டில் பாட்டு பதிந்து தரும் ரெக்கார்டிங் சென்டரில், சீட்டில் தலைப்பை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களால் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

ரஷ் அந்த அக்டோபரில் இன்னொருவர் வாய்ப்பையும் கெடுத்தார். நார்வேயின் ஆ-ஹா குழுவின் 'டேக் ஆன் மீ' அமெரிக்காவில் முதலிடம் பிடித்த அதே மாதம், பிரிட்டனில் ரஷ்ஷுக்குக் கீழே இரண்டாம் இடத்தில் மாட்டிக்கொண்டது. ஆ-ஹாவின் அடுத்த பாட்டு, 'தி சன் ஆல்வேஸ் ஷைன்ஸ் ஆன் டி.வி.', 1986 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம். அமெரிக்காவில் 20. தலைகீழாகப் புரட்டிப் போட்ட மாதிரி!

இந்த இடங்களை யார், எப்படித்தான் கணக்குப் போட்டார்கள்? கம்ப்யூட்டர் கூட இல்லாத காலமாயிற்றே.
- ஈரோடு வாசகர்

நல்ல கேள்வி, இதை நிதானமாகவே சொல்கிறேன்.

பிரிட்டனில் அப்போது விற்பனை மட்டும்தான் கணக்கு. வானொலியில் நாள் முழுக்க ஒலித்தாலும் கடையில் விற்காவிட்டால் பூஜ்யம்தான். 1982 வரை நடந்தது இப்படி: தேர்ந்தெடுத்த சில நூறு ரெக்கார்டு கடைகளில் ஆளுக்கொரு டைரி. ஒரு சிங்கிள் விற்றதும் கல்லாவில் இருக்கும் பையன் அதன் உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணை டைரியில் எழுத வேண்டும். சனிக்கிழமை கடை மூடியதும் டைரி லண்டனுக்குப் போகும். செவ்வாய் மதியம் பிபிசி ரேடியோ 1-ல் புதுப் பட்டியல். 1983 ஜனவரியில் கேலப் நிறுவனம் பொறுப்பெடுத்தது. டைரி போய், எண்ணைத் தட்டும் சிறு மின்னணு யந்திரம் வந்தது.

எந்தக் கடையில் டைரி இருக்கிறது என்பது ரகசியம். ரெக்கார்டு கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம்! அந்தக் கடைகளுக்கு இலவச ரெக்கார்டுகள் போகும், ஆள் அனுப்பி சொந்த ரெக்கார்டையே வாங்குவார்கள். 1980-ல் கிரனடா தொலைக்காட்சியின் 'வேர்ல்டு இன் ஆக்‌ஷன்' நிகழ்ச்சி இதை அம்பலப்படுத்தியது.

அமெரிக்கா வேறு ஜாதி. பில்போர்டு ஆட்கள் கடைகளுக்கு போன் போட்டு "இந்த வாரம் எது நன்றாகப் போகிறது?" என்று கேட்பார்கள். வருவது எண்ணிக்கை அல்ல, கடைக்காரர் சொல்லும் வரிசை. அத்தோடு வானொலி நிலையங்கள் எதை எவ்வளவு ஒலிபரப்புகின்றன என்பதையும் சேர்த்து ஒரு கலவை. கல்லாவில் பில் போடும்போதே எண்ணும் சவுண்ட்ஸ்கேன் முறை அங்கே வந்தது 1991-ல்தான்.

இந்தக் கலவையில் அடிபட்ட பாட்டு எது தெரியுமா? எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக பல பாடகர்கள் பேண்ட் எய்ட் என்ற பெயரில் சேர்ந்து பாடிய 'டூ தே நோ இட்ஸ் கிறிஸ்துமஸ்?'. பிரிட்டனில் 1984 டிசம்பரில் வந்ததும் ஐந்து வாரம் முதலிடம். அமெரிக்காவிலும் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ஆனால் அங்கே வானொலிகள் போதுமான அளவு ஒலிபரப்பவில்லை, அதனால் 13-ஆவது இடம். உச்சியில் 'லைக் எ வர்ஜின்' பாட்டோடு மடோனா. அந்த மடோனா பாட்டு பிரிட்டனில் மூன்றைத் தாண்டவில்லை என்பது தனிக் கதை.

பேண்ட் எய்டால் பிரிட்டனில் அடிபட்டது வாம் குழுவின் 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்'. 1984-ல் இரண்டாம் இடம். 2021 புத்தாண்டு நாளில் வெளியான பட்டியலில்தான் முதலிடம் கிடைத்தது. அதைப் பாடிய ஜார்ஜ் மைக்கேல் அதற்கு நாலு வருஷம் முன்பே, அதுவும் ஒரு கிறிஸ்துமஸ் நாளில், போய்ச் சேர்ந்துவிட்டார்.

மற்ற நாடுகளில் இன்னும் கூத்து. பிரான்ஸின் டாப் 50 தொடங்கியதே 1984 நவம்பரில். ஆஸ்திரேலியாவின் அந்தக் காலப் பட்டியல் பெரும்பாலும் டேவிட் கென்ட் என்ற தனி மனிதரின் உழைப்பு. எனவே யாராவது "இருபது நாட்டில் நம்பர் ஒன்" என்று சொன்னால், பட்டியலின் பெயரைக் கேளுங்கள்.

தடை செய்தால் பாட்டு ஓடுமா?
- நாகர்கோவில் வாசகர்

பிரிட்டனில் ஓடும். 1984 ஜனவரியில் ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவின் 'ரிலாக்ஸ்' பாட்டின் வரிகள் ஆபாசம் என்று பிபிசி நிறுத்தியது. அந்த மாதமே முதலிடம், ஐந்து வாரம். அமெரிக்காவில் யாரும் தடுக்கவில்லை, 67-ஆவது இடம்! மறு வெளியீட்டில்தான், 1985-ல், பத்துக்கு வந்தது.

எங்கள் கல்லூரி ஹாஸ்டலே மாடர்ன் டாக்கிங் பைத்தியமாக இருந்தது. அமெரிக்காவில் அவர்களை யாருக்கும் தெரியாதாமே, நிஜமா?
- கோவை வாசகர்

ஏறக்குறைய நிஜம். டீட்டர் போலன், தாமஸ் ஆண்டர்ஸ் என்ற இரண்டு ஜெர்மன்காரர்கள். 1985, 86-ல் தொடர்ந்து ஐந்து சிங்கிள்கள் மேற்கு ஜெர்மனியில் முதலிடம். பிரிட்டனில் நாற்பதுக்குள் வந்தது 'பிரதர் லூயி' ஒன்றுதான், நான்காம் இடம். அமெரிக்க ஹாட் 100-ல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நான் அப்போது மதுரையில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தேன். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: டிடிகே 60 காலி கேசட்டும் பாட்டு எழுதிய சீட்டும் கொண்டுவந்து கொடுத்தால், எங்களிடம் இருக்கும் எல்பியிலிருந்து பதிந்து தருவோம். எல்பி வருவது சிங்கப்பூர் போய் வந்தவர் பெட்டியிலோ, துபாய்க்காரர் பெட்டியிலோ. ஏ பக்கம் மாடர்ன் டாக்கிங், பி பக்கம் போனி எம் என்று கேட்டு வந்த சீட்டுகளுக்குக் கணக்கில்லை. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்று எழுதி வந்த சீட்டு அபூர்வம், அமெரிக்காவில் அவர் கொடி கட்டிப் பறந்த காலம் அது. வரிகள் அதிகம் புரியாதவனுக்கு எளிய ஆங்கிலமும் அழுத்தமான தாளமும் போதும். ஜெர்மன்காரர்கள் கொடுத்தது அதைத்தான். ஸ்பிரிங்ஸ்டீன் பாடும் நியூ ஜெர்சியின் கதை மதுரை மேலமாசி வீதிக்கு எப்படி ஒட்டும்?

அந்தக் காலப் பிரிட்டிஷ் பட்டியலில் நம் வாசனை உள்ள பாட்டு ஏதாவது?
- சிதம்பரம் வாசகி

1982-ல் மான்சூன் குழுவின் 'எவர் ஸோ லோன்லி', 12-ஆவது இடம். சித்தார், தபேலாவோடு பாடியவர் ஷீலா சந்திரா, லண்டனில் பிறந்த இந்திய வம்சாவளிப் பெண், அப்போது பதின்ம வயது. பட்டியலோடு நிற்காமல், 1992-ல் அவர் வெளியிட்ட ஆல்பத்தில் 'ஸ்பீக்கிங் இன் டங்ஸ்' என்ற இரண்டு துண்டுகளையும் தேடிக் கேளுங்கள். நம் கொன்னக்கோல் சொற்கட்டை வாயாலேயே கொட்டுகிறார். சிதம்பரத்துக்காரருக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் கணக்கில் மிக அநியாயமான இரண்டாம் இடம் எது?
- புதுச்சேரி வாசகர்

யோசிக்கவே வேண்டாம். அல்ட்ராவாக்ஸின் 'வியன்னா', 1981. பிரிட்டனில் நான்கு வாரம் இரண்டாம் இடம். ஒரு வாரம் மேலே இருந்தது ஜான் லெனனின் 'உமன்'. சுட்டுக் கொல்லப்பட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. மீதி மூன்று வாரம் உட்கார்ந்திருந்தது ஜோ டோல்சேயின் 'ஷட்டப் யூ ஃபேஸ்'. இத்தாலிய அம்மா மகனை அதட்டுவதாக ஒரு கோமாளிப் பாட்டு. ஆஸ்திரேலியாவில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்துவிட்டு வந்தது.

நெதர்லாந்தும் அயர்லாந்தும் 'வியன்னா'வுக்கு முதலிடம் கொடுத்தன. அமெரிக்காவின் நூறில் அது இல்லவே இல்லை. பிரிட்டனுக்கு மனசு உறுத்தியிருக்க வேண்டும். 2013-ல் பிபிசி ரேடியோ 2 நேயர்களிடம் ஓட்டெடுப்பு நடத்தி, முதலிடம் கிடைக்காத பாட்டுகளில் சிறந்தது 'வியன்னா' என்று அதற்கு ஒரு கௌரவ முதலிடம் கொடுத்தார்கள். முப்பத்திரண்டு வருஷம் கழித்து! டோல்சே பாட்டை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கல்யாண வீட்டில் ஒரு தரம் போட்டுவிட்டால் சின்னப் பிள்ளைகள் அடங்க மாட்டார்கள்.