பழைய மியாட்டா: எதில் கை வைப்பது முதலில்?

கேள்வி: 1990 மாடல் மாஸ்டா மியாட்டா (கூரை மடியும் இரண்டு சீட் கார்), 1.6 லிட்டர் இன்ஜின். டர்போ, பிரேக், புது சீட் மூன்றும் போட ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: டர்போ கடைசியில். முதலில் கிராங்க் புல்லியை, அதாவது இன்ஜினின் முன்னால் பெல்ட் ஓடும் சக்கரத்தை, எட்டிப் பாருங்கள். அதில் நான்கு வெட்டு இருந்தால் அது குட்டை மூக்கு கிராங்க் (மூக்கு என்பது கிராங்க் தண்டின் முன்முனை). எட்டு இருந்தால் பிற்காலத்து நீள மூக்கு. குட்டை மூக்கில் நடு போல்ட் தளர்ந்தால் சாவிக்கட்டை (கிராங்க்கில் பல்சக்கரத்தைப் பூட்டும் சிறு உலோகத் துண்டு) ஆடி, அதன் பள்ளத்தைத் தின்றுவிடும். டைமிங் (வால்வு திறந்து மூடும் நேரம்) தவறும், இன்ஜினின் இழுவை குறையும். புல்லி தள்ளாடி ஓடினால் டர்போவுக்குக் காசு செலவழிக்காதீர்கள். டைமிங் பெல்ட் மாற்றும்போது வாட்டர் பம்பு, கிராங்க் சீல், புது போல்ட் எல்லாம் சேர்த்தே முடியுங்கள்.

பிரேக்குக்கு 1994 முதல் வந்த 1.8 லிட்டர் மியாட்டாவின் பாகங்களே போதும். முன் டிஸ்க் 235 மி.மீ.யிலிருந்து 255 ஆகும். டிஸ்க்கோடு காலிப்பர் பிராக்கெட்டையும் (டிஸ்க்கைக் கவ்வும் பாகத்தைத் தாங்கும் சட்டம்) அதே வண்டியிலிருந்து எடுங்கள். 14 அங்குல வீல் இடிக்காது. பழைய ரப்பர் பிரேக் ஹோஸை அப்படியே விட்டால் பெடல் பஞ்சாகவே இருக்கும்.

சீட்டா? மாற்றும் முன் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈரமா? சீட்டுக்குப் பின்னால், கூரை மடியும் மூலைகளில் உள்ள வடிகால் துளைகள் அடைத்திருக்கும். வளையும் பிளாஸ்டிக் குச்சியால் சுத்தம் செய்யுங்கள். கம்பி வேண்டாம், குழாய் கிழியும்.