கடனட்டைப் பரிசும் கணக்கும்

கேள்வி: புதிய கடனட்டைக்கு மூன்று மாதத்தில் 100,000 ரூபாய் செலவழித்தால் 5,000 ரூபாய் திருப்பித் தருவினமாம். அதை வாங்கிப்போட்டு மூடிவிட்டு, வேறு வங்கியில் எடுக்கலாமோ?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: எடுக்கலாம். ஆனால் கணக்குப் பார்த்து எடுங்கள். உரம், உழவு இயந்திர உதிரிப்பாகம் என எப்படியும் வாங்க இருப்பதற்கே அட்டையைப் பாவியுங்கள். அட்டைக்கென்று 3 வீதம் கூட்டிக் கேட்கும் கடையென்றால் 3,000 ரூபாய் அங்கேயே போய்விடும். அதோடு ஆண்டுக் கட்டணமும் 2,500 என்றால் கைநட்டம்தான். ஏடிஎம்மில் எடுக்கும் காசு பெரும்பாலும் செலவில் சேராது, வட்டியோ அன்றைக்கே ஓடத் தொடங்கும். மாதக் கூற்றில் உள்ள முழுத் தொகையையும் கட்டுங்கள். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் பரிசை வட்டி விழுங்கிவிடும்.

மூடுவதில்தான் பலர் தவறுகிறார்கள். அட்டையை வெட்டி எறிந்தால் கணக்கு மூடப்படாது. அட்டையில் சேர்ந்த பரிசுப் புள்ளிகளை முதலில் பாவித்து முடித்து, தவணைக் கொள்வனவுகளையும் தொலைபேசிக் கட்டணத்தை மாதாமாதம் தானாகக் கழிக்கும் நிலையான கட்டளையையும் தீர்த்து, எழுத்தில் விண்ணப்பித்து, மீதி இல்லையென்ற கடிதத்தை வாங்குங்கள். விடுபட்ட 200 ரூபாய்கூட தாமதக் கட்டணத்தோடு வளர்ந்து, கிறிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையில் நிலுவையாக ஏறலாம். புதிய அட்டை விண்ணப்பத்துக்காக வங்கி அந்த அறிக்கையைப் பார்ப்பதும் அதில் பதிவாகும். வீட்டுக்கடன் கேட்கவிருந்தால் இப்போதைக்கு இது வேண்டாம்.