ஃப்ரெட்லெஸ் பேஸும் ஆம்பும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

ஃப்ரெட்லெஸ் பேஸைப் பற்றி, அதாவது கழுத்துப் பலகையில் ஃப்ரெட் என்கிற உலோகக் குறுக்குக் கம்பிகள் இல்லாத பேஸ் கிட்டாரைப் பற்றி, எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னேன், கேள்விகள் குவிந்துவிட்டன, நன்றி. பாதிக்கு மேல் ஒரே வருத்தம்தான்: கையில் இனிக்கிற சத்தம் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வழியாக வரும்போது மொத்தையாகிவிடுகிறது. பதினாறு வருடமாக இதை வாசித்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, ரெண்டு மாசம் முன்னாடி ஃப்ரெட்லெஸ் வாங்கினேன். எல்லோரும் சொல்ற அந்த "ம்வாஆ" சத்தம் எனக்கு வரவே மாட்டேங்குது. எந்த பெடல் வாங்கணும்?

பதில்: தம்பி, பெடலுக்குக் காசு போடாதீர்கள். அந்தச் சத்தம் மரத்தில் பிறக்கிறது. ஃப்ரெட் உள்ள பேஸில் தந்தி ஓர் உலோகக் கம்பியின் மேல் சட்டென்று முடிந்துவிடும். இங்கே அது உங்கள் விரலிலிருந்து மிகச் சாய்வாகப் பலகையை விட்டு எழும்புகிறது, அதிரும்போது விரலுக்கு முன்னால் உள்ள மரத்தை லேசாக உரசிக்கொண்டே போகிறது. அந்த உரசலில்தான் மேல் ஸ்வரங்கள் மெல்ல மெல்லத் திறந்து "ம்வாஆ" என்று வாய் திறப்பது போலக் கேட்கிறது. தந்தி உயரத்தில் நின்றால் உரசல் இல்லை, சத்தமும் இல்லை.

ஆகவே முதலில் செட்டப். 12-ஆம் ஃப்ரெட் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஜி தந்திக்கும் பலகைக்கும் நடுவே 1.5 மி.மீ., ஈ தந்திக்கு 2 மி.மீ. என்று ஆரம்பியுங்கள், கை மென்மையாக இருந்தால் இன்னும் இறக்கலாம். நெக், அதாவது பேஸின் கழுத்து, கிட்டத்தட்ட நேராக இருக்க வேண்டும். தந்தியைப் பலகையின் இரண்டு முனைகளிலும் அழுத்திப் பிடித்தால் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுகூட இடைவெளி தேவையில்லை, மெல்லிய காகிதம் நுழைந்தால் போதும். நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பியான ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள், திருப்பிவிட்டு மறுநாள் பாருங்கள். அப்புறம் நட், அதாவது நெக்கின் தலைப் பக்கத்தில் தந்திகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள சின்னக் கட்டை. ஃப்ரெட் இல்லாததால் அந்தப் பள்ளங்கள் தந்தி பலகையைத் தொட்டுவிடுமோ என்கிற அளவுக்கு ஆழமாக இருக்கலாம். கடையிலிருந்து வரும் பேஸ்களில் பெரும்பாலும் இதைத்தான் கவனிக்காமல் விட்டிருப்பார்கள்.

எல்லாம் முடிந்ததும் ஆம்ப் போடாமல், பேஸின் மேல் கொம்பில் காதை ஒட்டி வைத்து வாசித்துப் பாருங்கள். அங்கே "ம்வாஆ" கேட்டால் ஆம்பிலும் வரவைக்கலாம். அங்கே இல்லாததை எந்த ஆம்பாலும் தர முடியாது.

கேள்வி: ஆம்பில் பேஸ் (கீழ்ச்சத்தம்), ட்ரெபிள் (மேல்சத்தம்) குமிழ்கள் இரண்டையும் ஏற்றி மிட்டை (நடுச்சத்தம்) இறக்கி வைத்திருக்கிறேன். தனியாக வாசித்தால் பிரமாதம். பேண்டோடு சேர்ந்தால் ஆளையே காணோம்.

பதில்: உங்கள் வாத்தியத்தின் குரலையே வெட்டி எறிந்திருக்கிறீர்கள். திறந்த ஈ தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ், ஜி தந்தி 98 ஹெர்ட்ஸ். அந்த ஆழத்தில் கிக் டிரம்மும் கீபோர்டின் இடது கையும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. ஃப்ரெட்லெஸ் பேசுவது அதற்கு மேலே, சுமாராக 400 முதல் 900 ஹெர்ட்ஸ் வரை. எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்துவிட்டு, பேண்ட் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். அதிர்வெண்ணை மாற்றும் குமிழ் இருந்தால் 500-லிருந்து 800 வரை நகர்த்திப் பாருங்கள், ஓரிடத்தில் பேஸ் பாட ஆரம்பிக்கும். சத்தம் உப்பிக்கொண்டு வந்தால் 200, 250 பக்கம் சற்றுக் குறையுங்கள். ட்ரெபிளை அதிகம் ஏற்றினால் விரல் தேயும் சத்தம்தான் பெரிதாகும், ட்வீட்டர் என்கிற சின்ன மேல்சத்த ஸ்பீக்கரைப் பாதிக்குக் கீழே வைத்தாலே போதும்.

தனியாகக் கேட்கும்போது இந்த அமைப்பு மூக்கடைத்த மாதிரி இருக்கும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். பேண்டுக்குள் போனதும் அதுவே சரியாகப் பொருந்தும். எனக்கு இது புரிய மூன்று வருடம் ஆனது. ஒரு கல்யாண மண்டபத்தில் நிகழ்ச்சியைப் பதிவு செய்து மறுநாள் கேட்டபோது, இரண்டு மணி நேரத்தில் என் பேஸ் ஓர் இடத்தில்கூடத் தெளிவாகக் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் மிட்டைத் தொட்டேன்.

கேள்வி: ஃபெண்டர் ஜாஸ் பேஸ் மாதிரி என் பேஸில் இரண்டு பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தங்கள்). இரண்டையும் முழுசாக வைப்பதா, ஒன்றை மட்டுமா?

பதில்: இரண்டும் முழுசாக இருந்தால் இரைச்சல் அடங்கும், ஆனால் நடுச்சத்தமும் கொஞ்சம் குழிந்துபோகும். பிரிட்ஜ் (உடம்பில் தந்திகள் முடியும் இடம்) பக்கத்துப் பிக்கப்பை முழுசாக வைத்து, நெக் பக்கத்தைப் பத்துக்கு ஆறு, ஐந்து என்று இறக்கிப் பாருங்கள். வலது கையையும் பிரிட்ஜ் பிக்கப்புக்கு மேலே கொண்டு போங்கள். கட்டைவிரலை அதன்மேலேயே ஊன்றிக்கொள்ளலாம். கை பத்து சென்டிமீட்டர் நகர்ந்தால் வரும் மாற்றத்தை எந்தக் குமிழும் தராது.

ஃப்ரெட்லெஸ் பேஸைப் பிரபலமாக்கிய அமெரிக்கக் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் செய்ததும் இதுதான். 1962-ஆம் வருட ஃபெண்டர் ஜாஸ் பேஸ், ஃப்ரெட்டுகள் எடுக்கப்பட்டு, பலகையில் படகுக்குப் பூசும் எபாக்ஸி பிசின், அதன்மேல் உருண்டைக் கம்பி சுற்றிய ரோட்டோசவுண்ட் ரவுண்டுவவுண்டு தந்திகள், பிரிட்ஜ் பிக்கப், பிரிட்ஜை ஒட்டிய வலது கை. அவர் வைத்திருந்த அகூஸ்டிக் 360 ஆம்பின் பெட்டிக்குள் 18 அங்குல ஸ்பீக்கர் என்பதையும் கவனியுங்கள். மெலிந்த பிக்கப் சத்தத்துக்கு அந்தப் பெரிய பெட்டி உடம்பு கொடுத்தது. உங்களிடம் இருப்பது ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ள எட்டு அங்குலச் சின்ன காம்போ என்றால் நெக் பிக்கப்பை முழுசாக இறக்கிவிடாதீர்கள்.

கேள்வி: ஃபிளாட்வவுண்டா (தட்டைக் கம்பி சுற்றிய தந்தி), ரவுண்டுவவுண்டா? ரவுண்டு போட்டால் பலகை அரித்துவிடும் என்கிறார்கள்.

பதில்: அரிக்கும், உண்மைதான். ரோஸ்வுட்டில் சீக்கிரம், எபனியில் தாமதமாக. ஆனால் அந்த மிட் உறுமல் ரவுண்டில்தான் தாராளமாக வரும். என் யோசனை: பலகையில் எபாக்ஸி பூச்சு இருந்தால் ரவுண்டு, வெறும் ரோஸ்வுட் என்றால் நிக்கல் ரவுண்டு அல்லது இரண்டுக்கும் நடுவே உள்ள ஹாஃப்வவுண்டு. ஸ்டீல் கம்பி நிக்கலைவிடக் கடினம், பூச்சில்லாத மரத்தில் வேண்டாம். டபுள் பேஸ் போல இருண்ட, உருண்டையான சத்தம் வேண்டுமென்றால் ஃபிளாட், அதில் யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி: கமகம் மாதிரி இழுத்து வாசிக்க ஆசை. இழுக்கும்போதே சத்தம் செத்துவிடுகிறது, ஆம்ப் வால்யூம் ஏற்றினாலும் பயனில்லை.

பதில்: விரலின் சதைதான் சத்தத்தைத் தின்கிறது. விரலைத் தட்டையாகப் படுக்க வைக்காமல் நுனியில், நகத்துக்கு அருகில் நிற்க வைத்து அழுத்துங்கள். நகரும்போது அழுத்தம் குறையக் கூடாது, எல்லோரும் தவறுவது அங்கேதான். விரல் நிற்க வேண்டிய இடமும் வேறு. ஃப்ரெட் பேஸில் கம்பிக்குப் பின்னால் அழுத்துவோம், இங்கே கோடு இருக்கும் இடத்திலேயே அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் சுருதி இறங்கும். வயலின்காரர் இடது கையைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், நிறையத் தெரியும். இவ்வளவும் செய்த பிறகு சத்தத்தின் ஏற்றத்தாழ்வைச் சமன் செய்யும் கம்ப்ரஸர் ஒன்று உதவும்: விகிதம் 3:1, அட்டாக் (அது வேலையைத் தொடங்க எடுக்கும் நேரம்) 30, 40 மில்லிசெகண்டு. அட்டாக்கை அதைவிட வேகமாக்கினால் மீட்டலின் முனை மழுங்கிவிடும்.

கேள்வி: பியசோ பிக்கப் (காந்தத்துக்குப் பதில் அதிர்வின் அழுத்தத்தை உணரும் படிகம்) உள்ள பேஸ். நேரே மிக்ஸரில் கொடுத்தால் தகர டப்பா சத்தம்.

பதில்: இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) பொருந்தவில்லை. பியசோ ஒரு சின்ன கெப்பாசிட்டர் போல நடந்துகொள்ளும், அடுத்திருக்கும் கருவியின் இன்புட் இம்பீடன்ஸ் குறைவாக இருந்தால் கீழ்ச்சத்தம் எல்லாம் வடிந்துபோய் மேல்கீச்சு மட்டும் மிஞ்சும். குறைந்தது 1 மெகா ஓம், முடிந்தால் 10 மெகா ஓம் இன்புட் உள்ள பிரீஆம்பை நடுவில் வையுங்கள். அந்த ஒரு பெட்டியிலேயே உங்கள் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கேள்வி: சார், சர்ச்சில் வாசிக்கிறேன். ஆம்ப் மூலையில் இருக்கிறது. எனக்கு வெறும் "பூம்" மட்டும்தான் கேட்கிறது, சுருதி சேருகிறதா என்றே தெரியவில்லை.

பதில்: இதை அவசரமாகச் சரிசெய்யுங்கள், ஏனென்றால் ஃப்ரெட்லெஸில் உங்கள் காதுதான் ஃப்ரெட். மூலையில் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து கீழ்ச்சத்தத்தை ஊதிப் பெருக்குகின்றன. ஆம்பைச் சுவரிலிருந்து தள்ளி, ஒரு நாற்காலி உயரத்துக்குத் தூக்கி, அல்லது பின்னால் சாய்த்து, ஸ்பீக்கர் உங்கள் முழங்காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்கும்படி வையுங்கள். ஹை-பாஸ் ஃபில்டர் இருந்தால் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். அரங்கத்துக்கு வேண்டிய ஆழத்தை டிஐ (பேஸை நேரே மிக்ஸருக்கு அனுப்பும் பெட்டி) வழியாகப் பெரிய ஸ்பீக்கர்கள் பார்த்துக்கொள்ளும், மேடை ஆம்ப் உங்கள் காதுக்காக. சுருதியை லேசாக ஆட்டும் கோரஸ் பெடல் போட்டிருந்தால் அதையும் அணையுங்கள். அதன் ஆட்டத்தில் சுருதி தவறுவது உங்களுக்கே தெரியாமல் போகும்.

கேள்வி: பழைய பேஸில் ஃப்ரெட்டைப் பிடுங்கிவிடலாமா?

பதில்: தாராளமாக. பிற்பாடு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் வாசித்த பில் வைமன் 1961-லேயே ஒரு மலிவான பேஸில் அதைச் செய்தார். ஃப்ரெட் இருந்த பிளவுகளை மெல்லிய மரப்பட்டையால் நிரப்புங்கள், ஃப்ரெட்டின் உயரம் போய்விடுவதால் நட்டையும் பிரிட்ஜையும் அதற்கேற்ப இறக்குங்கள்.

கேள்வி: சென்னை. மழைக்காலம் வந்ததும் டோன் மாறுகிறதே, பிரமையா?

பதில்: பிரமை இல்லை. மரம் ஈரம் குடித்து நெக் வளைகிறது, தந்தி அரை மில்லிமீட்டர் எழும்பினாலே "ம்வாஆ" ஓடிவிடும். ஐப்பசியில் ஒரு தடவை, பங்குனியில் ஒரு தடவை ட்ரஸ் ராடைப் பாருங்கள்.