ஓலை வாசிக்காத தேவாலயம் எங்கே இருக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 28. காவேரிப்பட்டணத்தைச் சேர்ந்த இந்துக் குடும்பம். ஓசூரில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். உடன் பணிபுரியும் கத்தோலிக்கர் ஒருவரை இரு வீட்டார் சம்மதத்தோடு மணந்துகொள்ளப் போகிறேன். தை மாதம் தாம்பூலம் மாற்றியாயிற்று. ஆவணியில் திருமணம், கிருஷ்ணகிரியில் மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டோம். அன்று காலை தேவாலயத்தில் தாலி கட்ட வேண்டும் என்பது அவருடைய அம்மாவின் விருப்பம். அவர்களுடைய பங்குக் கோவில், அதாவது அவர்கள் உறுப்பினராக இருக்கும் தேவாலயம், கிராமத்தில் இருக்கிறது. அங்கே மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்களாம், அதாவது திருமணச் செய்தியை எல்லோர் முன்னும் அறிவிப்பார்களாம். அந்த ஊர்க்காரர்கள் அப்பாவின் மாங்காய் மண்டிக்கு வந்து போகிறவர்கள் என்பதால் அந்தக் கோவில் வேண்டாம் என்று நினைக்கிறோம். ஓசூர்ப் பக்கம் பழைய, அழகான தேவாலயம் ஒன்றில் கேட்டோம். நாங்கள் அந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள் இல்லை என்பதால், சொந்தப் பங்குத்தந்தையிடம் கடிதம் வாங்கி வரச் சொல்லிவிட்டார்கள். ஒரு தனி ஜெபக்கூடத்தில், பணம் கட்டினால் போதும், வேறு எதுவும் கேட்கமாட்டோம் என்கிறார்கள். உறுப்பினர் அல்லாதவர்கள் திருமணத்துக்குத் தேவாலயத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: சகோதரி, உறுப்பினர் இல்லை என்ற தடங்கலோடு எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கின்றன. அதற்கான பதில் சிறியது, பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி வேறு. 'அந்த ஊர்க்காரர்கள் அப்பாவின் மாங்காய் மண்டிக்கு வந்து போகிறவர்கள்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஓலை வாசித்தால் செய்தி மண்டிக்குப் போகும். மண்டிக்குப் போனால் அப்பாவின் காதுக்கு எட்டிவிடும். அப்படியென்றால், மகளுக்குத் தேவாலயத்தில் தாலி ஏறப்போகிறது என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. இரு வீட்டார் சம்மதம் என்று எழுதியிருக்கிறீர்களே, அவர் எதற்குத்தான் சம்மதித்தார்?

மண்டபத்தில், உற்றார் உறவினர் அட்சதை தூவ, தன் கண்முன்னே மகளுக்குத் தாலி ஏறும் என்று நம்பித்தான் அவர் தாம்பூலம் மாற்றியிருப்பார். பங்காளிகளிடமும் மண்டிக்கு வருகிறவர்களிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டும் இருப்பார். நீங்களோ அன்று விடியற்காலையில் தாலியை வேறிடத்தில் கட்டிக்கொண்டு வந்து, அவர் கூட்டி வைத்திருக்கும் சபையில் மாலையோடு நிற்கப் போகிறீர்கள். கத்தோலிக்கத் திருமணம் முடிந்த பிறகு, அதே இருவரும் இன்னொரு மதச் சடங்கில் மறுபடியும் மண ஒப்புதல் கொடுப்பதைத் திருச்சபைச் சட்டம் ஏற்பதில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். வரவேற்பு வைக்கலாம், விருந்து வைக்கலாம், பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்கலாம். உங்கள் அப்பா எதிர்பார்த்திருக்கும் முகூர்த்தம் மட்டும் அங்கே இராது. இதை மண்டப வாசலில் வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டியவரா அவர்?

ஓலை வாசிப்பதை நீங்கள் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். ஞாயிறு திருப்பலி வழிபாட்டின் முடிவில், மக்கள் கலைந்து செல்லும் முன், பங்குத்தந்தை ஒரு தாளை எடுத்து, இன்ன ஊர் இன்னாருடைய மகனும் இன்ன ஊர் இன்னாருடைய மகளும் மணம் செய்துகொள்ள இருக்கிறார்கள், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று வாசிப்பார். முதல் அறிவிப்பு, இரண்டாம் அறிவிப்பு, மூன்றாம் அறிவிப்பு என்று வாரந்தோறும் அது தொடரும். உங்கள் பெயருக்கு முன்னால் உங்கள் தகப்பனாரின் பெயர் அங்கே ஒலிக்கும். மறுநாள் கூடை இறக்க வருகிற ஒருவர், 'நேற்று எங்கள் கோவிலில் உங்கள் பெயரை வாசித்தார்களே' என்று கேட்கும்போது, விவரம் எதுவும் தெரியாமல் தராசுக்குப் பக்கத்தில் அவர் விழித்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள். நீங்கள் அஞ்சுவது இதற்குத்தான், அது நியாயமான அச்சமும்கூட. ஆனால் அதற்காக நீங்கள் ஓலையை அல்லவா நிறுத்தப் பார்க்கிறீர்கள்? அவரிடம் முன்பே சொல்லிவிட்டால், அதே கேள்விக்கு 'ஆமாம், என் மகள்தான்' என்று அவரால் பதில் சொல்ல முடியும்.

உயிருக்கு அஞ்சி ஒளிய வேண்டிய நிலையில் இருக்கும் பெண்களின் கடிதங்களும் எனக்கு வருகின்றன. அவர்களிடம் நான் இப்படிப் பேசுவதில்லை. காவல் கண்காணிப்பாளரிடம் போய்ப் பாதுகாப்புக் கேட்கச் சொல்வேன். உங்கள் நிலை அதுவல்ல. வேறு மதத்துப் பிள்ளை என்று தெரிந்தே தாம்பூலம் மாற்றிய தகப்பனார் உங்களுடையவர். நம் பக்கத்தில் அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அவ்வளவு தூரம் இறங்கி வந்த மனிதரிடம் மீதியைச் சொல்லாமல் மறைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பெற்றவர்கள் நம் முடிவை மறுக்கலாம், நாமும் அவர்கள் மறுப்பை மீறலாம். ஆனால் அவர்களுக்குத் தெரியாமலேயே அவர்களைச் சபையில் நிறுத்தி வைக்கும் உரிமை பிள்ளைகளுக்குக் கிடையாது.

சட்டத்துக்கு வருவோம். இந்துவும் கிறிஸ்தவரும் செய்துகொள்ளும் திருமணம் 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் செல்லாது. ஆகவே மண்டபத்தில் தாலி கட்டினால் மட்டும் போதும் என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்களுக்கு இருப்பவை இரண்டு வழிகள். ஒன்று, 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம். மற்றொன்று, 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். அதன்படி உங்களில் ஒருவராவது 30 நாட்கள் குடியிருந்த மாவட்டத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அந்த அறிவிப்பு 30 நாட்கள் அலுவலகத்தில் எல்லோர் பார்வைக்கும் ஒட்டப்பட்டிருக்கும். பணம் கட்டினால் போதும் என்று சொன்ன ஜெபக்கூடத்தைப் பற்றி நான் கடுமையாகவே எச்சரிக்கிறேன். அதுபோன்ற தனிக் கூடத்தில், திருமணம் நடத்துவதற்கு அரசு உரிமம் பெற்ற போதகர்தான் 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை நடத்தலாம். அவரிடமும் முன்னதாக எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அவர் அதைத் தம் ஆலயத்தில் பார்வைக்கு வைக்க வேண்டும். எதுவும் கேட்காமல் நடத்தித் தருகிறவர் உங்கள் கையில் கொடுக்கும் தாள் நாளை பாஸ்போர்ட்டுக்கோ, வாரிசுரிமைக்கோ செல்லாமல் போனால் யாரிடம் போய் நிற்பீர்கள்? எந்த வழியில் போனாலும் உங்கள் பெயர் நாலு பேர் அறிய வெளிவந்தே தீரும்.

இனி நீங்கள் கேட்டது. கத்தோலிக்க வழக்கப்படி மணமக்களில் ஒருவருடைய பங்கில்தான் திருமணம் நடைபெற வேண்டும். வேறு பங்கில் நடத்தச் சொந்தப் பங்குத்தந்தையின் அனுமதி போதும். ஓசூரில் கேட்ட கடிதம் இதுதான். அவர்கள் உங்களை விரட்டவில்லை. உங்களவர் ஒரு பங்கின் உறுப்பினராக இருக்கும்போது உங்களை நீங்களே உறுப்பினர் அல்லாதவர்கள் என்று சொல்லிக்கொள்வதும் சரியல்ல. அவருடைய திருமுழுக்கு (ஞானஸ்நான) சான்றிதழைப் புதிதாக எடுக்க வேண்டும். திருமண முன்தயாரிப்பு வகுப்புக்கு இருவரும் போக வேண்டும். நீங்கள் திருமுழுக்குப் பெறாதவர் என்பதால் ஆயரின் (பிஷப்பின்) சிறப்பு அனுமதியும் வேண்டும். கிருஷ்ணகிரி 2004இல் தனி மாவட்டம் ஆனாலும், 1997இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மறைமாவட்டம், அதாவது ஆயரின் நிர்வாக எல்லை, இரண்டு மாவட்டங்களுக்கும் பொதுவானது. ஆகவே விண்ணப்பம் தருமபுரி ஆயர் இல்லத்துக்குத்தான் போகும். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். நீங்கள் மதம் மாற வேண்டியதில்லை.

அந்த அனுமதிக்காக உங்களவர் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும்: தம் விசுவாசத்தை விடமாட்டேன், பிறக்கும் பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்துக் கத்தோலிக்கர்களாக வளர்க்க என்னால் இயன்றதையெல்லாம் செய்வேன் என்று. அது உங்களுக்கும் தெரிவிக்கப்பட வேண்டும் என்பது விதி. அவர் சொன்னாரா? சொல்லியிருந்தால் கடிதத்தில் ஒரு வரியாவது இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஓலையை எப்படித் தவிர்ப்பது என்று இருவரும் பேசியிருக்கிறீர்கள், பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்று பேசவில்லை. இன்றே பேசுங்கள். உங்கள் அப்பா முதலில் கேட்கப்போகும் கேள்வியும் பேரப்பிள்ளைகளைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போங்கள். மண்டிக் கூட்டம் ஓய்ந்து அவர் கணக்கு முடித்து வந்து சாப்பிட்ட பிறகு, அம்மாவை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லுங்கள்: தேவாலயம், அங்கே ஏறும் தாலி, ஓலை, பிள்ளைகளைப் பற்றிய உறுதிமொழி. சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். மண்டியில் மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டால் அந்தக் காயம் ஆறாது. மறுவாரம் உங்களவரும் அவருடைய தாயாரும் நேரில் வந்து முறைப்படி அழைக்கட்டும். தேவாலயத்துக்குள் வரமாட்டேன் என்று அவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள், மண்டப வாசலில் உங்களை வரவேற்பவராக அவர் நிற்கட்டும். வந்தாரானால், கிராமத்துக் கோவிலையே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அவருடைய மண்டிக்கு வருகிற மக்கள் அங்கே இருப்பார்கள், அவருக்கு அது அந்நிய இடமாக இராது. கொஞ்ச காலம் பேசாமல் இருந்துவிட்டாரானால் ஆவணியைக் கடந்து தேதியைத் தள்ளி வையுங்கள். மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் போனால் போகட்டும்.