நிவாரணப் பட்டியல் போட்ட போதகரோடு சபை கோபித்தால்?

கேள்வி: அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊர்ப் பக்கத்தில் ஒரு சிறிய சபைக்கு நான் போதகர். வெள்ளம் வடிந்தபின், வெளிநாட்டிலிருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அனுப்பிய காசில் உலர் உணவுப் பொதி கொடுத்தோம். தண்ணீர் ஏறிய வீடுகளைப் பார்த்துத்தான் பட்டியல் போட்டேன். கோயிலுக்குப் போகிற குடும்பங்களும் அதில் இருந்தன. சபை மூப்பர் ஒருவருடைய மகளின் வீடு மேட்டில் இருப்பதால் பட்டியலில் இல்லை. இப்போது அவருடைய சொந்தக்காரர் ஆராதனைக்கு வருவதில்லை, வழியில் கண்டாலும் பேசுவதில்லை. அவர்களுக்கும் ஒரு பொதி கொடுத்துப் பிரச்சினையை முடிக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரரே. அந்தப் பொதி வீடு போய்ச் சேரும் முன்னே, கோபித்துக்கொண்டால் கிடைக்கும் என்ற செய்தி ஊர் முழுக்கப் போய்விடும். ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டேன் என்று சவுல் ராஜா சொன்னது (1 சாமுவேல் 15:24) ராஜ்யத்தை இழந்த வேளையில். அதோடு, மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் நாமும் அடுத்தடுத்து வாழ்கிறோம். சபைக்கு வருகிறவருக்கு மட்டும் அரிசி என்றால், சோற்றைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்ற பழியை நாமே உண்மையாக்குகிறோம். உங்கள் முடிவு சரி.

ஆனால் சனம் வெறுப்பதாலேயே ஒரு முடிவு சரியாகிவிடாது. சனத்தின் சுமையைக் குறைக்கச் சொன்ன முதியோர் சொல்லைத் தள்ளிய ரெகொபெயாம் ராஜாவையும் சனம் வெறுத்தது, அவன் செய்தது பிழை. எதிர்ப்பு வந்தவுடன் கலாத்தியர் 1:10 ஐ எடுத்து, 'நான் மனுஷரைப் பிரியப்படுத்தவில்லை' என்று நின்றுவிடும் போதகர்களைப் பார்க்கையில் எனக்குக் கவலையாக இருக்கிறது. பட்டியலை நீங்கள் தனியாகவே போட்டிருக்கிறீர்கள். திருத்த வேண்டியது அங்கேதான்.

அப்போஸ்தலர் 6 ஆம் அதிகாரத்தை நிவாரணக் கணக்காக ஒருமுறை வாசியுங்கள். அன்றாடப் பங்கீட்டில் கிரேக்கம் பேசிய விதவைகள் விடுபடுகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் தங்களுக்காக வாதாடவில்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரைச் சபையே தெரிந்தெடுக்கட்டும் என்றார்கள். ஸ்தேவான், பிலிப்பு, நிக்கானோர் என்று ஏழு பெயரும் கிரேக்கப் பெயர். மனத்தாங்கல் இருந்த பக்கத்தாரின் கையிலேயே பொறுப்புப் போனது போலத்தான் தெரிகிறது. எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுபோன பவுலும், ஒருவரும் குற்றஞ்சொல்லக் கூடாது என்று சபைகள் நியமித்த சகோதரனைக் கூட்டிக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:19-21). அப்போஸ்தலனே தனியாகக் காசைத் தொடவில்லை.

இந்த வாரமே கணக்கை எழுதிச் சபை மண்டபத்தில் ஒட்டுங்கள்: வந்த காசு, அரிசி, பருப்பு, சீனி, மா வாங்கிய பில், கொடுத்த பொதிகள் எத்தனை, எந்த அளவுகோலில் கொடுத்தீர்கள். வாங்கியவர்களின் பெயரை மட்டும் ஒட்ட வேண்டாம். இல்லாமை சுவரில் தொங்கக் கூடாது.

பிறகு ஒரு பின்னேரம் மூப்பர் வீட்டுக்குப் போங்கள். பொதியும் வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். அவர் கொட்டித் தீர்க்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். "ஐயா, பட்டியல் மாறாது. ஆனா உங்களோட ஒரு வார்த்தை கதைக்காமப் போட்டது என்ட பிழைதான், மன்னிச்சுக்கொள்ளுங்க" என்று சொன்னால் போதும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். முதலாவதை விட்டால் பணிந்துவிட்டீர்கள் என்பார்கள், இரண்டாவதை விட்டால் பெருமை பிடித்தவர் என்பார்கள். ஞாயிறு பிரசங்கத்தில் இதைச் சாடையாகக்கூடத் தொடாதீர்கள். பதில் சொல்ல முடியாத இடத்தில் ஆட்களை உட்காரவைத்துக் குத்துவது மேய்ப்பனுக்கு அழகல்ல.

உங்கள் மனைவியிடமும் கேளுங்கள். சந்தையிலும் பள்ளிக்கூட வாசலிலும் ஊர்ப் பேச்சு முதலில் அவருடைய காதில்தான் விழும். யாரோடும் வாதாட வேண்டாம் என்று சொல்லுங்கள், இரவில் அவர் அழுதால் கூட இருங்கள்.

சிலர் வேறு சபைக்குப் போகக்கூடும். அவர்களைப் பற்றிக் குறை பேசாதீர்கள், அவர்கள் வீட்டுச் சாவுக்கு முதல் ஆளாய்ப் போங்கள்.

அடுத்த மாரிக்கு முன்னே, புரட்டாதியிலேயே ஐந்து பேர் கொண்ட குழுவைச் சபையே தெரிந்தெடுக்கட்டும். இரண்டு பெண்கள் கட்டாயம் வேண்டும், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவர்களுக்குத்தான் தெரியும். கிராம சேவகரிடமுள்ள பாதிக்கப்பட்டோர் விபரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குழுவில் இருக்கும்படி அந்த மூப்பரையே முதலில் கேளுங்கள். அவர் மறுத்தால் மருமகனைக் கேளுங்கள்.