இயலாமைத் தொகை மறுப்பு: ஃபெடரல் நீதிமன்றம் எதைப் பார்க்கும்?

அமெரிக்காவின் நியூஜெர்சியில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "கிடங்கில் வேலை பார்த்த என் கணவரால் முதுகெலும்புப் பாதிப்பினால் நெடுநேரம் நிற்கவோ உட்காரவோ முடிவதில்லை. அவருடைய சோஷியல் செக்யூரிட்டி இயலாமைத் தொகை (உடல்நிலையால் வேலை செய்ய முடியாதவர்களுக்கு அரசு தரும் தொகை) மனுவை அந்தத் துறையின் நிர்வாக நீதிபதி நிராகரித்துவிட்டார். அதை மறுஆய்வு செய்ய அத்துறையின் மேல்முறையீட்டுக் குழுவான அப்பீல்ஸ் கவுன்சிலும் மறுத்துவிட்டது. இப்போது எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையை நீதிமன்றத்தில் காட்டலாமா?"

அறிக்கையைப் பற்றிப் பேசுவதற்கு முன், அப்பீல்ஸ் கவுன்சில் கடிதத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். கடிதம் கிடைத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் வழக்குத் தொடர வேண்டும். கடிதத் தேதியிலிருந்து 5 நாட்களில் அது கைக்கு வந்துவிட்டதாக விதி கருதுவதால், நடைமுறையில் 65 நாட்கள் கிடைக்கும். மனுவைத் தபாலில் போட்ட நாள் கணக்கில் வராது, நீதிமன்ற அலுவலகத்தில் அது சேர்ந்த நாளே கணக்கு. கூடுதல் அவகாசம் தேவையென்றால், தக்க காரணத்துடன் அப்பீல்ஸ் கவுன்சிலுக்கே எழுதிக் கேட்க வேண்டும்.

உங்கள் வழக்கு நியூஜெர்சி ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். 2022 டிசம்பர் 1 முதல் நடப்பிலுள்ள சிறப்பு விதிகளின்படி மனு மிகச் சுருக்கமாக இருக்கலாம். எதிர்தரப்பான சோஷியல் செக்யூரிட்டி ஆணையருக்கு (துறைத் தலைவருக்கு) நீங்கள் தனியாகச் சம்மன் அனுப்ப வேண்டியதில்லை, நீதிமன்றமே மின்னணு வழியில் தெரிவித்துவிடும். கட்டணம் 405 டாலர். கட்ட வசதியில்லாதவர்கள் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

இந்த வழக்கில் சாட்சி விசாரணையும் ஜூரியும் கிடையாது. உங்கள் கணவருக்கு வலி இருக்கிறதா என்று நீதிபதி புதிதாக முடிவு செய்யமாட்டார். நிர்வாக நீதிபதியின் தீர்ப்புக்குப் போதிய சான்று இருந்ததா, சட்டம் சரியாகப் பின்பற்றப்பட்டதா என்று மட்டுமே துறையின் வழக்குக் கோப்பை வைத்துப் பார்ப்பார். அந்தப் போதிய சான்றுக்கான அளவு உயரமானதல்ல என்று 2019-இல் பீஸ்டெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் மீண்டும் சொன்னது. ஆகவே, "தீர்ப்பு அநியாயமானது" என்று வாதிடுவதால் பயனில்லை. தீர்ப்பிலுள்ள குறிப்பிட்ட பிழையைச் சுட்ட வேண்டும். சிகிச்சை அளித்த மருத்துவரின் கருத்து பரிசோதனை முடிவுகளோடும் பிற சான்றுகளோடும் ஒத்துப்போகிறதா என்பதை நிர்வாக நீதிபதி விளக்காமல் ஒதுக்கியிருக்கலாம். அல்லது, இன்னின்ன உடல் வரம்புகள் உள்ளவர் செய்யக்கூடிய வேலை உண்டா என்று விசாரணையில் தொழில்சார் நிபுணரிடம் கேட்ட கற்பனைக் கேள்வியில், தாமே ஏற்றுக்கொண்ட ஒரு வரம்பை, உதாரணமாக அடிக்கடி எழுந்து நிற்க வேண்டிய தேவையை, விட்டிருக்கலாம். விசாரணையின் எழுத்துப்படியை வரிவரியாகப் படித்தால்தான் இவை கண்ணில் படும். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசியிருந்தால், பதில் மாறிப்போன இடங்கள் உண்டா என்றும் பாருங்கள்.

புதிய எம்.ஆர்.ஐ.யை நம்பி வழக்கை அமைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. கோப்பில் இல்லாத சான்றைக் காட்டி நீதிமன்றம் தீர்ப்பை மாற்றாது. அது புதியதாகவும், முடிவை மாற்றக்கூடியதாகவும், தீர்ப்புக்கு உட்பட்ட காலத்தைப் பற்றியதாகவும் இருந்து, முன்பே தாக்கல் செய்யாததற்குத் தக்க காரணமும் இருந்தால் மட்டும் அதைப் பரிசீலிக்கச் சொல்லி வழக்கைத் துறைக்கே திருப்பியனுப்பலாம். அறிக்கை பிற்கால மோசமடைதலைக் காட்டுகிறதென்றால், வழக்கு நடக்கும்போதே புதிய மனு போடுவது மேல். ஆனால் அவருடைய காப்புத் தகுதி (வேலை செய்து வரி செலுத்தியதால் இத்தொகைக்குக் கிடைத்த தகுதி) முடியும் தேதியை, பெரும்பாலும் வேலையை விட்டுச் சுமார் 5 ஆண்டுகளில் அது முடிந்துவிடும் என்பதால், முதலில் கேட்டறியுங்கள்.

வழக்கறிஞரை அமர்த்துவதே நல்லது. நீதிமன்றப் பணிக்கான அவருடைய கட்டணம், வென்றால் உங்களுக்குச் சேர வேண்டிய நிலுவைத் தொகையில் 25 சதவீதத்தைத் தாண்ட முடியாது. நீங்கள் வென்று, அரசின் நிலைப்பாடு நியாயமற்றதாகவும் இருந்தால் அரசே கட்டணம் தர வாய்ப்புண்டு. இந்த இரு வகைக் கட்டணமும் கிடைத்தால் அவற்றில் சிறிய தொகையை வழக்கறிஞர் உங்களிடம் திருப்பித் தர வேண்டும். வென்றவுடன் பணம் வருமென்று எண்ணிவிடாதீர்கள்: பெரும்பாலும் கிடைப்பது நிர்வாக நீதிபதி முன் இன்னொரு விசாரணைதான்.

ஆணையர் கோப்பைத் தாக்கல் செய்தபின் உங்கள் எழுத்து வாதத்துக்கு 30 நாட்களே உண்டு என்பதால், வழக்கறிஞரை இப்போதே தேடத் தொடங்குங்கள்.